மணல் விழும், மரம் விழாது

ஐப்பசி மாதத்து அடைமழையில் குரோம்பேட்டைத் தெருக்கள் பலவும் நீரில் நின்ற ஒரு பிற்பகலில், பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தமையால் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த என் பேரன், தன் கணிப்பொறியில் தான் எழுப்பி வைத்திருந்த ஊரொன்றை எனக்குக் காட்டியே தீர வேண்டுமென்று கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தான். 'மைன்கிராஃப்ட்' என்பது அந்த விளையாட்டின் பெயர். கனசதுரக் கட்டிகளைப் பெயர்த்தும் அடுக்கியும் மலையும் வீடும் மதிலும் சமைத்துக்கொள்ளும் அந்த உலகத்தில், எங்கள் ஊர்க் குமரன்குன்றத்தைப் போல ஒரு குன்றையும், அதன்மேல் ஏறுவதற்குப் படிக்கட்டையும் அவன் கட்டியிருந்தான். வழியை மறித்து நின்ற ஒரு மரத்தின் அடியைக் கோடரியால் வெட்டினான். அடிமரம் மறைந்தது, மேல்மரமோ கிளையும் இலையுமாக அந்தரத்திலேயே நின்றது. சற்று அப்பால் ஒரு மணல்மேட்டின் அடிக்கட்டியைப் பெயர்த்தான். மேலிருந்த மணல் பொலபொலவென்று சரிந்து விழுந்தது. "மணல் விழுகிறதே, மரம் ஏனடா விழவில்லை?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் தாத்தா. மணல் விழும், மரம் விழாது. இந்த உலகத்தோட ரூல் அது" என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஏறிப் போய்விட்டான்.

அந்தப் பதிலை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நாம் வாழும் பிரபஞ்சத்தில் புவியீர்ப்பு மணலுக்கும் மரத்துக்கும் மனிதனுக்கும் பொதுவானது. அவனுடைய உலகத்திலோ மணல், சரளை முதலிய சில பொருள்களுக்கே அது உரியது. அவ்வாறு இருக்கட்டும் என்று அதனைச் சிருஷ்டித்தவர்கள் தீர்மானித்தார்கள், அவ்வளவுதான். தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: சட்டம் என்பது ஒன்று, ஊழ் என்பது மற்றொன்று. இணையத்தில் இன்று கோடிக்கணக்கானோர் நாள்தோறும் புகுந்து புறப்படுகிற கற்பனை உலகங்களைப் பற்றி ஆராயப் புகுவோருக்கு, இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிவைத்திருக்கும் நம் மொழி பெரிய உதவி செய்கிறது. எழுதியவன் கையில் சட்டமாக இருந்தது, உள்ளே வாழ்பவன் தலையில் ஊழாக வந்து இறங்குகிறது. கண்ணைப் பறிக்கும் வர்ணச் சித்திரங்களைக் கண்டு அவையே அந்த உலகம் என்று நாம் மயங்குகிறோம். சித்திரம் அதன் சட்டை மாத்திரமே, விதிகளே அதன் உடல் என்பது என் எண்ணம்.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. தெருவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துப் பாண்டி ஆடும் சிறுமிக்கு, அந்தக் கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று என்பது மலையளவு உண்மை. ஆட்டம் முடிந்த மறுகணம் அதே கோட்டின்மேல் சைக்கிள்காரர் சாவதானமாக ஏறிச் செல்கிறார். ஹாலந்து தேசத்து அறிஞர் ஹூய்சிங்கா, விளையாட்டுக்கென்று இவ்வாறு பிரித்து வைக்கப்பட்ட இடத்தைப் பற்றி 1938ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் முழுதும் சிந்தித்திருக்கிறார். நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று சந்திகள் கொண்ட கட்டத்தில் மூன்று புலிகள் ஒரு பக்கம், பதினைந்து ஆடுகள் மறுபக்கம். புலிக்குத் தாண்டிக் கொல்லும் வலிமை உண்டு. ஆட்டுக்கு அது இல்லை, கூடி நின்று வழியை அடைக்கும் வலிமையே உண்டு. சமமில்லாத இரு தரப்பாருக்குச் சமமில்லாத உரிமைகளை வழங்கி, ஆயினும் ஆட்டத்தைச் சமநிலையில் நிறுத்துவது எவ்வளவு நுட்பமான யுக்தி என்பதை, இன்று கணிப்பொறி விளையாட்டு வகுப்போர் மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி அனுபவத்தால் அறிகிறார்கள். கோயில் மண்டபத் தரைக்கல்லில் அந்தக் கட்டத்தைச் செதுக்கிச் சென்ற பெயர் தெரியாத கலைஞர்களை அவர்களுடைய முன்னோர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

பலர் ஒருங்கே புகுந்து உலவக்கூடிய புகழ்பெற்ற கணிப்பொறி உலகம் ஒன்று 1978ஆம் ஆண்டில் தோன்றியது. தொழிலதிபர் ராஜம் அவர்கள் 1949இல் எங்கள் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி, புதிதாகப் பிறந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக ஆனதும் அதே 1978இல்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவராகிய ராய் டிரப்ஷா ஓர் உலகத்தை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை விரிவாக்கினார். 'மட்' என்று பெயர் பெற்ற அதில் படம் என்பதே கிடையாது. நீங்கள் நிற்கும் இடம் இன்னது, வடக்கே செல்லும் பாதை இன்னது, உங்களருகே நிற்பவர் இன்னார் என்று எழுத்து மட்டுமே திரையில் ஓடும். நீங்களும் எழுத்தாலேயே பதில் சொல்வீர்கள். கதாகாலட்சேபத்தில் பாகவதர் சொல்லச் சொல்ல அயோத்தி நம் கண்முன் எழுவதைப் போல, வெறும் வாக்கியங்களிலிருந்து அங்கே காடும் கடலும் எழுந்தன. ஒருவர் எடுத்துச் சென்ற வாள் மற்றவருக்குக் கிடைக்காது. ஒருவர் திறந்துவிட்ட கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். சித்திரம் இல்லாமல் உலகம் இருக்கலாம், விதி இல்லாமல் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த உலகத்துக்கு வந்து போன மனிதர்களைப் பல்லாண்டு கவனித்த பார்ட்டில், அவர்களை நான்கு சுபாவத்தினராகப் பகுத்து, 1996இல் சீட்டுக்கட்டின் நான்கு சாதிகளின் பெயரால் ஒரு கட்டுரை எழுதினார். பொருளும் பட்டமும் சேர்ப்பவர் டைமன். மூலை முடுக்கெல்லாம் தோண்டித் துருவுபவர் இஸ்பேட். பேசிப் பழகவே வருபவர் ஆர்ட்டின். பிறரை அடித்து வீழ்த்துவதில் இன்பம் காண்பவர் கிளாவர். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பவர் இந்த நால்வரையும் அங்கேயே அடையாளம் கண்டுகொள்வார். பார்ட்டிலின் பெருமை பெயர் சூட்டியதில் இல்லை. காட்டில் புலியும் மானும் புல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் போல இந்த நால்வகையினரும் ஒருவரையொருவர் பெருக்கியும் குறைத்தும் நிற்கிறார்கள், அடிப்பவர் கூட்டம் அளவு மீறினால் பழக வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவார்கள் என்று அவர் கண்டு சொன்னாரே, அதுதான் அரிய செய்தி. ஊர் என்றால் வெறும் வீடுகள் அல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த உலகங்களில் நம்முடைய பிரதிநிதியாக உலவும் உருவத்துக்கு உலகமெங்கும் இன்று வழங்கும் பெயர் 'அவதாரம்'. 1985இல் ரிச்சர்ட் கேரியட் தமது 'அல்டிமா' என்ற விளையாட்டின் நான்காம் பகுதியில் இச்சொல்லை எடுத்தாண்டார். அடுத்த ஆண்டில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் சோதனைக்கு விட்ட 'ஹாபிடாட்' என்னும் சித்திர உலகத்தில், சிப் மார்னிங்ஸ்டார் அதனை இன்றைய பொருளிலேயே நிலைநாட்டினார். மேலே இருக்கும் ஆன்மா கீழே ஓர் உடலை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறது என்ற கருத்து, தொலைபேசிக் கம்பியின் வழியே ஒரு பொம்மைக்குள் இறங்கும் மனிதனுக்கு மிகவும் பொருந்துவதாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

அந்த ஹாபிடாட்டில் நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பொருள்களை விற்கும் இயந்திரங்களும், அவற்றை வாங்கிக்கொள்ளும் அடகு இயந்திரங்களும் அங்கே இருந்தன. ஓரிடத்தில் 75 காசுக்கு விற்ற பொம்மையை அடகு இயந்திரம் 100 காசுக்கு வாங்கியது. வேறோரிடத்தில் 18,000 காசுக்கு விற்ற பளிங்குக் கோளத்தை 30,000 காசுக்கு வாங்கியது. விலை எழுதியவர்களின் கவனக்குறைவு அது. இதனைக் கண்டுபிடித்த சிலர், முதலில் பெட்டி பெட்டியாகப் பொம்மைகளைச் சுமந்து ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரவெல்லாம் நடந்து முதல் சேர்த்தார்கள். பிறகு பளிங்கில் இறங்கினார்கள். பொழுது விடிந்தபோது அந்த உலகத்தின் மொத்தப் பணம் ஐந்து மடங்காகப் பெருகியிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் விதியை மீறவில்லை. திடீர்ச் செல்வர்களான அவர்கள் அந்தப் பணத்தைக் கொண்டு ஊராருக்குப் புதையல் தேடும் போட்டிகளை நடத்தினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது; அதனைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

விதியின் இடுக்கு என்பதை நம் புராணங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. பகலிலும் ஆகாது இரவிலும் ஆகாது, உள்ளேயும் ஆகாது வெளியேயும் ஆகாது, மனிதனாலும் ஆகாது விலங்காலும் ஆகாது என்று இரணியன் கேட்டுப் பெற்ற வரம், ஓட்டையே இல்லாததாக அவன் எண்ணிய ஒரு விதித்தொகுப்பு. அந்திப் பொழுதில், வாசற்படியில், நரசிம்மமாக அதன் இடுக்கிலே நுழைந்ததுதான் அவதாரம். வரம் கொடுத்தவர் தலையிலேயே கைவைக்க வந்த பஸ்மாசுரனுக்கும் ஒரு நிகர் உண்டு. 1997 ஆகஸ்டில், பல்லாயிரம் பேர் ஒருங்கே வாழ்வதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த 'அல்டிமா ஆன்லைன்' உலகத்தின் சோதனைக் காலத்தில், அதன் கர்த்தாவாகிய கேரியட் மன்னர் வேடம் பூண்டு குடிமக்கள் முன் தோன்றினார். மரணமில்லாத தன்மையை அவர் தமக்கு வைத்திருந்தார். ஆனால் அன்று இயந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கியபோது அதற்குரிய குறியை மீண்டும் இட மறந்துபோனார். கூட்டத்தில் ஒருவர் தீயை மூட்டும் மந்திரத்தை ஏவினார். மன்னர் இறந்து விழுந்தார்.

அதே உலகத்தில், புல்லைத் தின்ன முயலும், முயலைத் தின்ன ஓநாயுமாக ஓர் இயற்கைச் சக்கரத்தையே எழுதி ஓடவிட எண்ணியிருந்தார்கள். வந்து புகுந்த மக்கள், கண்ணில் பட்ட உயிரையெல்லாம் அது பெருகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் கொன்று தீர்த்தமையால், அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுழலவில்லை.

இவ்வளவு பெரிய நிலங்களை யார் உட்கார்ந்து வரைகிறார்கள் என்ற ஐயம் வாசகருக்கு எழலாம். என் பேரனுடைய உலகத்தில் ஒரு கட்டி ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 60,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000தான். அதனை எவரும் வரையவில்லை. 'விதை' என்று அழைக்கப்படும் ஓர் எண்ணிலிருந்து அது முழுதும் முளைக்கிறது. அந்த எண்ணைப் பெருக்கியும் வெட்டியும் மாற்றியும், பார்வைக்குத் தாறுமாறாகத் தோன்றுகிற எண்வரிசை ஒன்றைக் கணிப்பொறி உண்டாக்குகிறது. தோற்றந்தான் தாறுமாறு, அதே விதையிலிருந்து எப்போதும் அதே வரிசையே பிறக்கும். ஆனால் தாறுமாறான எண்களை அப்படியே உயரங்களாக நட்டால் கிடைப்பது முள்படுக்கையே அன்றி மலை ஆகாது. 1982இல் வெளிவந்த 'டிரான்' என்ற திரைப்படத்துக்காக உழைத்த கென் பெர்லின், கணிப்பொறிச் சித்திரங்களின் உயிரற்ற வழவழப்பில் மனம் நிறையாமல், மறு ஆண்டில் ஒரு வழி கண்டார். வாசலில் முதலில் புள்ளி வைத்துக்கொண்டு பிறகு புள்ளிக்குப் புள்ளி வளைந்து செல்லும் கோடு இழுக்கும் பெண்களைப் போல, இடைவெளி விட்ட புள்ளிகளில் மட்டும் ஒவ்வொரு சரிவை நிர்ணயித்து, நடுவிலுள்ள இடங்களையெல்லாம் வழுக்கலாக இணைப்பது அவருடைய முறை. பெரிய கோலத்தின்மேல் சிறிய கோலம், அதன்மேல் இன்னும் சிறியது என்று அடுக்கினால் மலையும், மலைமேல் மேடும், மேட்டின்மேல் கரடும் கிடைக்கும். இதற்காக 1997இல் அவருக்கு ஆஸ்கர் கழகத்தின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. குரோம்பேட்டையில் ஒரு சிறுவனும் டொரான்டோவில் ஒரு சிறுமியும் ஒரே பதிப்பில் ஒரே விதையை இட்டால், இருவர் வாசலிலும் ஒரே மலை நிற்கும்.

ஆயினும் ஒரே உலகத்தில் நிற்கும் இருவர் ஒரே நிகழ்காலத்தில் நிற்பதில்லை. இதுதான் இந்தச் சாஸ்திரத்திலேயே என்னை மிகவும் கவர்ந்த பகுதி. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில் வாழும் எங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு: உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஓசை எங்கிருந்து வருகிறதோ அங்கே பார்த்தால் விமானம் இராது, அது முன்னே போயிருக்கும். ஒலிக்கு உள்ள இந்தத் தாமதம் ஒளிக்கும் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் இடப்பட்ட கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். விளையாட்டை நடத்தும் தலைமைக் கணிப்பொறி சிங்கப்பூரில் இருக்குமானால், இங்கே ஒரு பையன் பொத்தானை அழுத்தியதற்குப் பதில் திரும்பி வர, மற்ற தடைகளையெல்லாம் நீக்கிக் கணக்கிட்டாலும், விநாடியில் ஆயிரத்தில் முப்பத்திரண்டு பங்கு ஆகும். பையன்கள் 'பிங்' என்று சொல்வது இதைத்தான். எந்த மேதையும் அதனை இதற்குக் கீழே இறக்க முடியாது, ஏனெனில் அது எழுத்தாளன் எழுதிய விதி அன்று.

அந்த இடைவெளியை மறைப்பதற்கு யுக்திகள் உண்டு. உங்கள் கணிப்பொறி பதிலுக்குக் காத்திராமல் உங்கள் உருவத்தை உடனே நகர்த்திவிடுகிறது; தலைமைக் கணிப்பொறி மறுத்தால் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பிறருடைய உருவங்களையோ, கடைசியாகத் தெரிந்த திசையையும் வேகத்தையும் கொண்டு இந்நேரம் இங்கே இருப்பார் என்று ஊகித்துக் காட்டுகிறது. 1980களில் அமெரிக்க ராணுவம் டாங்கிப் பயிற்சிக்காக அமைத்த வலையமைப்பு இந்த ஊகத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. துப்பாக்கி விளையாட்டுகள் சிலவற்றில் தலைமைக் கணிப்பொறி இன்னும் ஒரு படி செல்கிறது: சுட்டவன் அழுத்திய கணத்தில் அவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிந்ததோ, அந்தக் கடந்த நிலைக்குக் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்ட பிறகும் என்னைச் சுட்டுவிட்டான் என்று பையன்கள் அங்கலாய்ப்பது பொய்யன்று. சுடப்பட்டவனுடைய நிகழ்காலத்தில் அவன் மறைந்துவிட்டான். சுட்டவனுடைய நிகழ்காலத்தில் இன்னும் மறையவில்லை.

இத்தகைய உலகங்களை விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடமாகவும் கண்டிருக்கிறார்கள். 2005 செப்டம்பரில் 'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகத்தில் ஹக்கார் என்னும் அசுரன் ஏவிய நோய், அவனுடைய கோட்டைக்குள் வரும் வலிய வீரர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் வீரர்களுடைய வளர்ப்புப் பிராணிகள் அதனைச் சுமந்துகொண்டு நகரங்களுக்கு வந்துவிட்டன. எளியவர்கள் கணத்தில் மடிந்தார்கள். கடைக்காரப் பொம்மைகள் தாம் சாகாமல் நோயை மட்டும் பரப்பின. மருத்துவம் செய்ய ஓடி வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பயந்து ஓடிய ஓட்டத்திலேயே நோயைக் கொண்டு சென்றவர்கள், வேண்டுமென்றே பரப்பியவர்கள் என்று மனித சுபாவம் முழுதும் அங்கே வெளிப்பட்டது. நடத்துபவர்கள் கட்டுப்பாடுகளைக் கொண்டுவர முயன்றும் பயனின்றி, இறுதியில் உலகத்தையே நிறுத்தித் திருத்தினார்கள். எரிக் லாஃப்கிரன், நைனா ஃபெஃபர்மன் என்ற இருவர் 2007இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் இதனை ஆராய்ந்து எழுதினார்கள். கொரோனாவுக்காகத் தகரம் அடித்து அடைத்த தெருக்களை 2020இல் கண்ட நாம் அக்கட்டுரையை இன்று படித்தால், ஒவ்வொரு வரியிலும் தெரிந்த முகங்களைக் காண்போம்.

விதி எழுதும் கைகள் எல்லாம் நல்ல கைகள் என்று சொல்வதற்கில்லை. தானியம் எப்போது விழும் என்று தெரியாமல் கொத்தும் புறா, ஒழுங்காக விழும் என்று அறிந்த புறாவைவிட ஓயாமல் கொத்துகிறது என்று உளவியல் அறிஞர் ஸ்கின்னர் காட்டினார். அந்த அறிவை வைத்தே பணப்பையைக் குறிவைக்கும் ஆட்டங்கள் புனையப்படுகின்றன, குடும்பங்கள் அழிகின்றன. ஆட்டத்துக்கு நேரம் குறிப்பதும் ஒரு விதிதான்: எசெக்ஸில் அன்று 'மட்' ஆட வந்த வெளியாருக்கு நள்ளிரவுக்குப் பின்னரே கணிப்பொறியில் இடம் கிடைத்தது. தமிழ்நாடோ 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை கதவை அடைத்தது. ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களையே தடைசெய்தது. அந்தத் தடை நிலைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மீண்டும் அவதாரங்களுக்கு வருகிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் நாட்டையே ஆளும் ஜீவா என்பவனை ஒளியால் ஆன பிம்பமாகப் படைத்தார். 2022 பிப்ரவரி 6ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த தம்பதியர் தம் வரவேற்பை இணைய உலகத்து மாயக் கோட்டை ஒன்றில் நடத்தினார்கள். முந்திய ஆண்டில் காலமான மணமகளின் தந்தை அங்கே உருவெடுத்து வந்து ஆசி கூறினார். அவதாரம் என்ற சொல் அன்று எவ்வளவு கனத்திருக்கும்!

என் பேரனுடைய ஊருக்கே திரும்புகிறேன். இன்னொரு நாள் அவன் இரண்டுக்கு இரண்டு கட்டியளவில் ஒரு குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினான். அவ்வளவுதான், அதன்பின் எத்தனை வாளி மொண்டாலும் அந்தக் கிணறு குறையவில்லை. அருகருகே நிற்கும் நீர் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும் என்பது அவ்வுலகத்து விதியாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்ததையும், ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் சென்னைக்கு வந்ததையும் அவனுக்குச் சொன்னேன். அப்போது அவனுக்கு நான்கு வயது; நினைவில்லை. "அந்த ரூலை ஆஃப் பண்ணலாம் தாத்தா" என்றான். விதிகளைத் திறந்து மூடும் பட்டியல் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. மூடினான், மொண்ட வாளி நீர் மீண்டும் ஊறவில்லை.

மழை பெய்தாலும் அந்த உலகத்தில் குளம் நிரம்பாது. வானம் பார்க்க வைத்த இரும்புக் கொப்பரையில் மட்டும் சிறிது சிறிதாக நீர் சேரும். ஒரு கொப்பரைக்கு ஏழு இரும்புப் பாளங்கள் வேண்டும். அன்று மாலை முழுதும் அவன் குமரன்குன்றத்தின் அடியில் சுரங்கம் தோண்டி இரும்பு எடுத்தான். இரவு சாப்பிடக் கூப்பிடப் போனபோது, தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு கொப்பரைகளை வரிசையாக வைத்துவிட்டு, "இன்னும் மேகமே வரலை தாத்தா" என்று சொல்லிக்கொண்டு அந்த வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.